பம்பரில் இருந்த சிவப்பு

ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். அதுவரை ஆரப்பாளையத்திலிருந்து திருவாதவூர்ப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வந்தேன். கார் வந்த பிறகுதான் காலையில் உட்கார்ந்து காபி குடிக்க முடிந்தது. அந்தக் காரை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும்.

முதல் நாள் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கப் போனேன். என் வீட்டுக்காரர் விடவில்லை. பழத்தை ஊறுகாய் போடு, பிரேக்கை ஒழுங்காப் போடக் கத்துக்கோ என்றார். எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர். கோயில் வாசலில்கூட செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்கிற ஆள்.

போன வருஷம் ஒத்தக்கடை தாண்டி ஒரு ஆட்டுக்கூட்டம் திடீரென்று குறுக்கே வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். வாய்க்கால் பாலத்துக் கட்டைச்சுவரில் இடது பக்கம் இடித்து நின்றது வண்டி. ஆடுகள் ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விட்டன. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. காருக்கு ஹெட்லைட் போய், பம்பர் பிளந்து, மட்கார்டு உள்ளே மடங்கிவிட்டது. போன் பண்ணியதும் ஆட்டோ பிடித்து வந்தார் அவர். காரைப் பார்க்கவே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வித்துருவோம் என்றார்.

ஒரு வாரம் வீட்டில் இதே சண்டை. கடைசியில் அவரே ஒரு பேச்சுக்கு வந்தார். இன்சூரன்ஸில் பணம் கொடுத்தால் சரி பண்ணலாம், கொடுக்காவிட்டால் இருக்கிற நிலையிலேயே விற்றுவிடுவது, நான் மறுபடி பஸ். நானும் ரோஷத்தில் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அதற்குள் கம்பெனி அனுப்பிய சர்வேயர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து போயிருந்தார். குனியவில்லை, தொடவில்லை, செல்போனில் நாலைந்து படம் எடுத்தார், போனார். மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. வெள்ளைக் காரின் பம்பரில் வேறொரு வாகனத்தின் சிவப்புப் பெயிண்ட் இருக்கிறதாம். சுவரில் மோதியதாக நான் எழுதிக் கொடுத்தது உண்மைக்கு மாறானதாம். அதனால் பணம் கிடையாது.

பொய் சொல்லாதே என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவளைப் பார்த்துப் பொய் சொன்னாய் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார். சரி விடு என்று மடித்து வைத்துவிட்டுத் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். இவ்வளவு பதறுகிறேன், ஒரு வார்த்தை ஆறுதல் இல்லையே என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

விடுவதாக இல்லை நான். கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பாட்டுப் போட்டார்கள். லீவு சொல்லிவிட்டு ஆபீசுக்கே போனேன். அங்கே நின்று, எழுதிக் கொடுத்து, மறுபடி போய் நின்று, அதே சர்வேயரை இன்னொரு தடவை அனுப்பச் சம்மதிக்க வைத்தேன். பாலத்துக்குப் போய்ச் சுவரைப் படம் எடுத்தேன். சுவரில் என் காரின் வெள்ளை இருந்தது, சிவப்பு பேருக்குக்கூட இல்லை. அப்படியானால் பம்பரில் இருப்பது என்ன?

நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பிளந்த இடத்தில் சிவப்பு காய்ந்து கிடந்தது. பக்கத்தில் கிரில்லுக்குள் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்துப் பார்த்தேன். பூசணி விதை.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "டீச்சர், ஒங்களுக்குத் தெரியாதா? வண்டி வந்த மறுநா காலைல சாருதானே பூசணிக்காயோட வந்து ஒடச்சிட்டுப் போனாரு. உள்ள அம்புட்டுக் குங்குமம். வண்டி மேலயே தெறிச்சிருச்சு."

நேராக என் வீட்டுக்காரர் கடைக்குப் போனேன். வயர் வாங்க வந்தவர் போகும்வரை ஓரமாக நின்றேன்.

"பூசணிக்காய் எம்புட்டுப் பெருசு?" என்று கேட்டேன்.

அவர் கல்லாவைத் திறந்தார், மூடினார். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னார். "அன்னைக்கு நீ போன்ல பேசுனதுல இருந்து போன் அடிச்சாலே எனக்குக் கை நடுங்குது. இன்னொரு தடவ அப்படி ஒரு போன் வந்தா என்னால எடுக்க முடியாது."

"லெட்டரப் படிச்சப்பவே தெரியுமா?"

"தெரியும். வண்டி போனாப் போகட்டும்னு இருந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. திட்டலாம் என்று போனவளுக்கு வாய் வரவில்லை. அதற்காகக் காரை விட்டுக் கொடுக்கவும் மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை சர்வேயர் வருகிறார், என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு நீங்கள் நிம்மதியாக இருக்க முடியாது, வந்து சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நானும் பாயும் சர்வேயரும் நின்றோம். என் வீட்டுக்காரர் வரவில்லை. எல்லாரும் இப்படித்தான் எதையாவது சொல்லுவாங்க மேடம் என்று சர்வேயர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். பத்தரைக்கு ஸ்கூட்டர் வந்தது. இறங்கினவர் யாரையும் பார்க்கவில்லை.

"பூசணிக்காய் ஒடச்சது நான் சார். அது குங்குமம். இவ சொன்னது பூராம் நெசம்."

பாய் ஒரு துணியை நனைத்துக் கொடுத்தார். அதை வாங்கிச் சர்வேயர் கையில் வைத்து, நீங்களே துடைங்க என்றேன். சிவப்பு முழுக்கத் துணிக்கு வந்துவிட்டது. அடியில் வெள்ளைப் பெயிண்டும் கீறலில் சிமெண்டுத் தூளும் இருந்தன. சர்வேயர் துணியையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் பணம் பாஸாகி, வண்டியும் தயாரானது. பாய் பழக்கத்தில் சாவியை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு இடது பக்கம் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை தனியாகக் கிளம்பினேன். அவர் வாசல் வரை வந்தார். பாலத்தை மெதுவாகக் கடந்து, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். இறங்குவதற்கு முன்னால் அவருக்குப் போன் போட்டேன்.

முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்.