நீர்நாயும் கரிச்சானும்

கல்லூரி ஜன்னலுக்கு வெளியே ஒரு குண்டுகரிச்சான் விசிலடித்தது. நான் அப்போது அதையும் நீர்நாயையும் ஒப்பிட்டு அட்டவணை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் முதுகெலும்பு உண்டு. நீர்நாய் பாலூட்டி, ஊனுண்ணி வரிசை, அழியக்கூடிய இனம். கரிச்சான் பறவை, குருவி வரிசை. கவலைப்பட வேண்டாத இனம். அதுவரை கடகடவென்று எழுதிவிட்டேன்.

விசில் கேட்டதும் எனக்கு மறுபடி ஏழு வயது. மேடைகளில் கட்சிக்காரர்கள் ஏழைகளின் ஆட்சி என்றார்கள். எங்கள் தெரு கூலி உயர்வு கேட்டு அறுவடைக்குப் போகாமல் நின்றது. வாய்க்கால் மதகில் அப்பா வைத்த மூங்கில் பறியில் விழும் மீன்தான் அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்கும் பங்கு. அந்தப் பறியை ஒரு நீர்நாய் தினமும் கிழித்தது. கெண்டைச் செதில்தான் மிஞ்சும்.

"அதுக்கும் புள்ளைங்க இருக்குப்பா, நான் பார்த்தேன்" என்றேன்.

"அப்ப அதுங்களையும் சேத்து அஞ்சு பங்கா போடச் சொல்லு" என்று அம்மா சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. விடியலில் மண்வெட்டியோடு போனார். திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

குட்டிகள் இரண்டு நாள் கரையில் கத்தின. மூன்றாம் நாள் முருங்கை மரத்துக் கரிச்சான் குரல் மட்டும் கேட்டது. அந்த வாரமே நிலக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கி நெல்லை அறுத்துவிட்டார்கள். அப்பா பழைய கூலிக்கே வேலைக்குப் போனார். பறி நிறைய மீன் விழுந்தது; அவர் ஒன்றைக்கூடத் தின்னவில்லை.

அட்டவணையில் கடைசிக் கட்டம், 'அழிவுக்குக் காரணம்'. 'மனிதர்கள்' என்று எழுதினேன். கண்முன் நின்றது அப்பா மட்டும்தான், கையைக் கழுவிக்கொண்டு.