மாடியில் பன்றி

உருளைக்கிழங்குக்குத் தோல் சீவும்போது ஆலிவ் ஹெம்ப்ரோ ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவாள். கேட்டால், “வெளிச்சம் கண்ணைக் குத்துது, கண்ணு” என்பாள். இங்கிலாந்தின் தாழ்நிலத்து ஊரான வித்திமூரில் வருஷத்தில் ஒன்பது மாதம் வானம் கழுவாத பாத்திரம் போலத்தான் இருக்கும். அந்த வெளிச்சம் யார் கண்ணையும் குத்தியதாகக் கேள்வியில்லை. ஜன்னலுக்கு வெளியே இருப்பது ஒரு கம்பம். கம்பத்தில் அவள் சமையல் வேலை செய்யும் பப்பின், அந்த ஊர் மதுக்கடையின், பெயர்ப்பலகை தொங்குகிறது. காற்றடித்தால் அது கிறீச்சிடும். ஆலிவ் சட்டென்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாள்.

எழுபத்தெட்டு வயது. ஆள் குள்ளம். செத்துப்போன புருஷனின் கம்பளிக் காலுறைகளை முழங்கால்வரை இழுத்துப் போட்டுக்கொண்டு, கன்னத்தில் ஒரு புதினா மிட்டாயை அடக்கியபடி வேலை செய்வாள். பாதிரியாரும் அவளுக்குக் கண்ணுதான், மீன் வண்டிக்காரனும் கண்ணுதான். அடுப்போடு பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முழுக்க அவள் கையால்தான். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, கோழி எல்லாம் செய்வாள். பன்றியை மட்டும் தொடமாட்டாள். அதைப் பப்பின் சொந்தக்காரன் மனைவி டான் வந்து அடுப்பில் வைக்க வேண்டும். “பழைய சிநேகிதிய எப்படிய்யா அடுப்புல வைப்பா?” என்று பழைய வாடிக்கைக்காரன் பெர்சி லாக்யர் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பான். ஒவ்வொரு ஞாயிறும் சிரிப்பு எழும்.

பப்பின் பெயர் ‘மாடியில் பன்றி’.

அந்தப் பக்கத்துப் பப்புகளின் பெயர்களை எடுத்துக்கொண்டால் இது ஒன்றும் அதிசயமில்லை. மேட்டுச் சாலையில் ‘வாயடங்கிய பெண்’ இருக்கிறது. அதன் பலகையில் தலையில்லாத ஒருத்தி தட்டேந்தி நிற்கிறாள். கள்ளச் சரக்கு விற்ற புருஷனைப் பற்றி அவள் வெளியே பேசிவிட்டாளாம், அவன் தலையை வெட்டிவிட்டானாம். பாலத்தடியில் ‘வீண்பாடு’. கிணறு வெட்டிக் கிணறு வெட்டி, தண்ணீர் வராமல், கடைசியில் பியர் விற்க உட்கார்ந்தவனின் கடை. ஆலிவுக்கு எல்லாக் கதையும் தெரியும். வழி கேட்பவர்களுக்குப் பப்புகளை வைத்துத்தான் வழி சொல்வாள்: “தலையில்லாதவள்கிட்ட இடது பக்கம் திரும்பு கண்ணு, வீண்பாடு தாண்டி நேரே போ.” அந்தப் பெயர்களைப் பற்றி அவள் சொன்ன ஒரே அபிப்பிராயம் இது: “பேரு வச்சவன் எல்லாம் ஆம்பளை.”

மாடியில் பன்றியின் கதை, வருகிறவர்களுக்குச் சொல்லப்படுவது, இப்படி.

ஒரு மார்கழி வெள்ளத்தில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு தாழ்நிலத்துக்குள் புகுந்தது. ரெக் ஹெம்ப்ரோவுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு சின்ன வீடு, ஒரு பெண்டாட்டி, டச்சஸ் என்று பெயர்கொண்ட ஒரு சினைப் பன்றி. அவ்வளவுதான் அவன் ஆஸ்தி. தண்ணீர் அடுப்பங்கரைக்கு வந்ததும் பன்றியை மாடிக்கு ஏற்ற முடிவு செய்தான். அவன் முன்னால் காதைப் பிடித்து இழுக்க, பெண்டாட்டி பின்னால் நின்று தள்ள வேண்டும். பன்றியோ ஆறாவது படியில் உட்கார்ந்துவிட்டது. ரெக் மேலிருந்து கத்தினான்: “தள்ளு பொண்ணே, தள்ளு!”

இந்த இடத்தில் பப்பே சேர்ந்து கத்தும்.

பன்றி மாடியேறியது, கட்டிலும் ஏறியது. இரண்டாம் நாள் ரெக் படுக்கிற பக்கத்தில் பதினோரு குட்டி போட்டது. “மூணாம் நாள் ராத்திரி ஒண்ணும் நடக்கல. எங்க வீட்டம்மா குறட்டை விட்டா. பன்னிதான் தூக்கம் கெட்டுப்போச்சுன்னு புகார் பண்ணுச்சு” என்று ரெக் முடிப்பான். நாலாம் நாள் ராணுவப் படகு வந்தது. படகில் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரனும் இருந்தான். மாடி ஜன்னலில் பன்றியின் தலை. பக்கத்தில் ஆலிவின் தலை. அந்தப் படம் ஊர் ஊராகப் போயிற்று. தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போன பிறகு பப்புக்கு ‘ரயில்வே’ என்ற பழைய பெயர் எதற்கு என்று யோசித்துக்கொண்டிருந்த அன்றைய சொந்தக்காரன் பெர்ட் கூம்ஸ், அந்தக் கோடையிலேயே பலகையை மாற்றிவிட்டான்.

படம் இன்றும் கணப்புக்கு மேலே தொங்குகிறது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, “எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாரு” என்பார்கள். வாசல் கதவின் பித்தளைத் தகட்டில் ‘தள்ளு பொண்ணே’ என்று பொறித்திருக்கிறது. அதன்மேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆலிவ் பின்வாசல் வழியாகத்தான் வருவாள், போவாள்.

மூன்றாம் நாள் இரவு ஆலிவ் குறட்டை விடவில்லை.

அவளுக்கு அப்போது ஐந்து மாதம். குளிர்காலக் கோட்டுக்குள் வெளியே தெரியவில்லை. ஊரில் இரண்டொருவர் மட்டும் கண்ணால் அளந்து வைத்திருந்தார்கள். தள்ளியதும் அடிவயிற்றில் ஒரு சுளுக்கு விழுந்தது. இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் இரவு பொறுக்க முடியவில்லை. மெழுகுவர்த்தி ஒன்றே ஒன்று. பிறந்தது அழவில்லை. ஆண்பிள்ளை. ரெக் அதைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். பன்றி பக்கவாட்டில் படுத்துக் குட்டிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. நெடுநேரம் அந்த அறையில் பால் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

இருட்டோடு இருட்டாக ரெக் பிள்ளையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். தண்ணீருக்குள் அவன் கால் வைக்கும் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கழுத்துவரை நனைந்திருந்தான். கை வெறுமையாக இருந்தது. எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. உச்சிவேளையில் படகு வந்தது. புகைப்படக்காரன் கீழேயிருந்து, “கொஞ்சம் சிரிங்கம்மா!” என்றான். ஆலிவ் சிரித்தாள்.

அன்று மாலையே மேட்டுப் பள்ளிக்கூடத்தில், போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு நடுவே ரெக் பன்றிக் கதையைச் சொன்னான். தொண்டை கிழியச் சொன்னான். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆலிவ் மூலையில் காலை மடக்கி உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்று அன்றைக்கு யோசித்தாள். அந்த யோசனை நெடுநாள் நீடித்தது. வேறு பிள்ளை பிறக்கவில்லை. ஒவ்வொரு மாலையும் ரெக் பப்புக்குப் போனான், யாராவது ஒரு கோப்பை ஆப்பிள் சைடர் வாங்கிக் கொடுத்தார்கள், யாராவது கேட்டார்கள், அவன் சொன்னான்.

பத்து வருஷம் கழித்து ஒரு நாள், பப்பிலிருந்து வீடு திரும்பும் வழியில், வெட்டுவாய்க்கால் ஓரத்தில் நின்று அவள் சொன்னாள்.

“இனிமே அந்தக் கதைய சொல்லாதே, ரெக்.”

“சொல்லலேன்னா கேப்பாங்க.”

“என்ன கேப்பாங்க?”

ரெக் தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டுக்கொண்டான். “வயிறு எங்கேன்னு கேப்பாங்க. பன்னியப் பத்தியே பேசிக்கிட்டிருந்தா உன்னை யாரும் பாக்க மாட்டாங்கன்னுதான் ஆரம்பிச்சேன், பொண்ணே. அப்புறம் நிறுத்தத் தெரியல.”

“பத்து வருஷம் ஆச்சே. இனிமே யாரு கேக்கப் போறா?”

ரெக் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். மறுநாளும் போனான். மறுநாளும் சொன்னான். வாய்க்கால் ஓரத்தில் அவன் சொன்ன காரணம் மெய்யா, அந்த நேரத்துக்குத் தோன்றிய சமாதானமா என்று ஆலிவுக்கு இன்றுவரை தெரியாது. சில நாள் நம்புவாள். நம்புகிற நாட்களில் அவனுக்குச் சூடாக ஏதாவது சமைத்து வைத்துக் காத்திருப்பாள். நம்பாத நாட்களில் சீக்கிரம் விளக்கை அணைத்துவிடுவாள்.

நாலு வருஷத்துக்கு முன் ரெக் நுரையீரல் கெட்டு நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். பேச்சு குழறியது. இனி நாள் இல்லை என்று தெரிந்ததும் அவள் குனிந்து அவன் காதோடு கேட்டாள்: “எங்கே வச்சே, ரெக்?”

அவன் கண்ணைத் திறந்தான். “தண்ணி வடிஞ்சிருச்சா, பொண்ணே?” என்றான்.

“வடிஞ்சிருச்சு.”

“எல்லாமா?”

“எல்லாந்தான். எங்கே வச்சே?”

அவன் தூங்கிவிட்டான். அப்புறம் பேசவில்லை.

நைஜல் ப்யூட்டும் டானும் பப்பை எடுத்தது போன வருஷம். நைஜல் நல்லவன். நகரத்தில் கைப்பேசிக் கடை வைத்திருந்தவன். தாழ்நிலத்தைப் பார்த்து மயங்கி வந்துவிட்டான். கிழவி என்று ஆலிவை வேலையிலிருந்து நிறுத்தாதவன். குளிர் நாளில் தானே காரில் கொண்டுபோய் விடுவான். பழைய பலகை உளுத்துவிட்டதால், வைகாசியில் புதுப் பலகைக்கு ஏற்பாடு செய்தான். பிரிஸ்டலிலிருந்து ஓவியன் ஒருவன், நாலடிக்கு ஐந்தடி. திறப்பு விழாவுக்கு இரண்டு பேருந்து நிறைய ஆட்கள் வருகிறார்கள்.

“நீங்கதான் திறந்து வைக்கணும், ஆலிவ். கதையையும் நீங்களே சொல்லிடுங்க. எத்தனை பேர் சொன்னாலும் உங்க வாயால கேட்டா அது தனி.”

ஆலிவ் கத்தியைக் கீழே வைத்தாள். “முழுசாவா?”

“முழுசா!” என்றான் நைஜல், சந்தோஷமாக.

விழாவன்று காலை அவள் சீக்கிரமே வந்து, கிழங்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். டான் உள்ளே வந்தபோது, “இன்னிக்கு நான் முழுசாச் சொல்லப்போறேன், கண்ணு” என்றாள்.

“இன்னும் இருக்கா என்ன? எனக்குத்தான் மனப்பாடமாச்சே!”

“ஒரு ராத்திரி பாக்கி இருக்கு.”

டான் சிரித்துக்கொண்டே ரொட்டி அடுக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என்ன ராத்திரி என்று அவள் கேட்டிருந்தால் ஆலிவ் அங்கேயே சொல்லியிருப்பாள்.

பகல் பதினொரு மணிக்குக் கம்பத்தடியில் கூட்டம். தூறல். பலகையை ஒரு வெள்ளை விரிப்பால் மூடியிருந்தார்கள். பெர்சி லாக்யர் ஊன்றுகோலோடு முன்வரிசையில் நின்றான். நைஜல் கயிற்றை ஆலிவின் கையில் கொடுத்தான். இழுத்தாள். விரிப்பு நழுவி அவள் காலடியில் விழுந்தது. கைதட்டல்.

அரை நூற்றாண்டாக ஒரு பலகையைப் பார்க்காமல் இருந்தவள் இதை ஏறிட்டுப் பார்த்தாள். மாடிப்படி. மேலே ரெக், பன்றியின் காதைப் பிடித்தபடி. நடுவில் பன்றி. கீழே அவள், இரண்டு கையாலும் தள்ளியபடி. வேடிக்கைக்காக ஓவியன் அவளைக் குண்டாக வரைந்திருந்தான். கன்னம் குண்டு, கை குண்டு. மேலங்கிப் பொத்தான்கள் தெறித்துவிடுவது போல வயிற்றை உருண்டையாகப் போட்டிருந்தான்.

“சொல்லுங்க, ஆலிவ்” என்றான் நைஜல்.

அவள் சொல்லத் தொடங்கினாள். ரெக்கின் சொற்களேதான் வந்தன; அவளுக்கு வேறு சொற்கள் இல்லை. தண்ணீர் வந்தது, பன்றி உட்கார்ந்தது. “தள்ளு பொண்ணே, தள்ளு!” என்று கூட்டம் முழங்கியது. கட்டில், குட்டிகள். சிரிப்பு. பிறகு, “மூணாம் நாள் ராத்திரி...” என்றாள்.

நின்றாள்.

தூறல் குடைகளின்மேல் விழும் சத்தம் கேட்டது. டான் கதவருகில் தட்டோடு நின்றவள் தலையை நிமிர்த்தினாள். ஆலிவின் வாய் திறந்தபடியே இருந்தது. “மூணாம் நாள் ராத்திரி, ரெக் வந்து...”

கிழவிக்கு மறந்துவிட்டது என்று பெர்சிக்குத் தோன்றியது. நாற்பது வருஷம் ரெக்கின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் அவன். சிநேகிதனின் பெண்டாட்டி கூட்டத்துக்கு முன்னால் தடுமாறுவதை அவனால் பொறுக்க முடியவில்லை. “நீ குறட்டை விட்டே, ஆலிவ்!” என்று எடுத்துக் கொடுத்தான். “பன்னி புகார் பண்ணுச்சு!”

இரண்டு பேருந்து ஜனமும் குலுங்கிச் சிரித்தது.

ஆலிவ் பெர்சியைப் பார்த்தாள். அவன் முகம் முழுக்க நல்லெண்ணம்.

“ஆமா” என்றாள். “குறட்டை விட்டேன்.”

கைதட்டல் ஓய்ந்து, எல்லோரும் சாப்பிட உள்ளே போகத் தொடங்கினார்கள். ஆலிவ் குனிந்து விரிப்பை எடுத்தாள். சேற்றை உதறினாள். இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள். ஓரங்களை உள்ளே செருகி, ஒரு முழத்துக்குள் அடங்கும்வரை மடித்தாள். “கொடுங்க, நான் கொண்டுபோறேன்” என்று நைஜல் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. இடது முழங்கையை வளைத்து அதைத் தாங்கிக்கொண்டு, வலது உள்ளங்கையை மழை படாமல் அதன்மேல் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றாள்.