மைனஸ் நான்கில் பாலகுரு

மூன்று சட்டை, மேலே ஜாக்கெட், காதை மூடிய குல்லா. இத்தனையோடும் ஆகஸ்ட் வெயிலில் வந்து நின்று, ஜாக்கெட்டின் ஜிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார் பாலகுரு. ஒரேயடியாகக் கழற்றினால் தலை சுற்றும் என்பது பட்டுத் தெரிந்துகொண்டது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்து கண் தெரியாமல் போகும்; அது தெளியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெளியே நாற்பத்தாறு டிகிரி. அவர் திறந்து வந்த கதவுக்குப் பின்னால் மைனஸ் நான்கு.

துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் பனிப் பூங்காவில் பனி அள்ளுவது அவர் வேலை. கோவில்பட்டிக்காரர், வயது நாற்பத்திரண்டு. மாலின் பின்பக்கத்தில் என் அலுவலகம். இரண்டு பேருக்கும் டீக்கடை ஒன்றுதான். பாலைவனத்தில் பனி அள்ளுகிறேன் என்று அவர் முதலில் சொன்னபோது, ஆள் நம்மைக் கலாய்க்கிறார் என்றே நினைத்தேன்.

பனியில் அவருக்கு நான்கு சாதி உண்டு. “மெஷின்ல இருந்து புதுசா விழுறது மாவு, அண்ணாச்சி. நாலு பேரு மிதிச்சா ரவை. மேல காஞ்சு நிக்கது அப்பளம். அதை அப்படியே வுட்டா கண்ணாடி ஆயிரும். பிள்ளையளுக்குப் பல்லு போயிரும்.” பத்து மணிக்குக் கதவு திறப்பதற்குள் அப்பளத்தையெல்லாம் மண்வெட்டியால் உடைத்துவிட வேண்டும். கண்ணாடிக்குக் கடப்பாரை. பெயர்த்ததைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்கட்டுக் குழியில் கொட்டுவார். அந்த நேரம் பார்த்து டெலிவரி பைக் ஓட்டுகிறவர்கள் நாலைந்து பேர் துண்டோடு வந்து நிற்பார்கள். மிதிபடாத பனியாகப் பார்த்துத் தனியே ஒதுக்கி வைத்திருப்பார். “லேலோ பாய், எடுத்துக்கோ, இது சுத்தம்,” என்பார். அவர்கள் அதைத் துண்டில் பொதிந்து பிடரியில் வைத்துக்கொண்டு போவார்கள்.

குளிரைப் பற்றி நமக்கு இருக்கும் ஞானம் எல்லாம் தப்பு என்பது அவர் கட்சி. இரண்டு சாக்ஸ் போட்டால் கால் இறுகி ரத்தம் ஓடாது. ஒன்று போட்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை கட்ட வேண்டும். உள்ளே வியர்க்கவே விடக்கூடாது. “குளிரு ஒண்ணும் பண்ணாது. ஈரந்தான் ஆளைத் திங்கும், பாத்துக்கிடுங்க.” கையுறை மட்டும் எப்படியும் நனைந்துவிடுகிறது. மாற்று ஜோடி வாரத்துக்கு ஒன்றுதான்.

கையைப் பற்றி எனக்குத் தெரிந்தது டீக்கடையில். கொதிக்கும் சுலைமானி டீ டம்ளரை நான் துண்டுக் காகிதம் சுற்றிப் பிடித்திருந்தேன். அவர் வெறும் கையால் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்தபோது சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் கொப்புளம் எழும்பியிருந்தது. நான் பதறியதைப் பார்த்த பிறகுதான் அவர் தன் விரல்களைப் பார்த்தார்.

“ஆறு மாசமா இந்த ரெண்டு விரலும் மரத்துத்தான் கிடக்கு. யார்ட்டயும் சொல்லிராதீங்க.”

சொன்னால் உள்வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்கள். பிறகு வெளியே பார்க்கிங் டூட்டி. அங்கேதான் விஷயம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அபுதாபிப் பக்கம் ரோட்டு வேலையில், ஜூலை மாதம் காலை பதினொரு மணிக்கே சுருண்டு விழுந்தவர் அவர். சிறுநீரகம் பாதி கெட்டுப்போயிற்று. இன்னொரு தடவை வெயிலில் விழுந்தால் எழுந்திருக்க மாட்டாய் என்று அப்போதே ஆஸ்பத்திரியில் காகிதத்தில் எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் காகிதத்தை இந்தக் கம்பெனியில் அவர் காட்டவில்லை. காட்டியிருந்தால் வேலையே கிடைத்திருக்காது.

“உள்ள குளிரு, வெளிய தீ. நடுவுல நிக்கதுக்குக் கம்பெனியில வேலை மாஃபி, கிடையவே கிடையாது,” என்று சிரிப்பார். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? ஊருக்குப் போய்விடுங்களேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “பாப்பா நர்சிங் ரெண்டாவது வருஷம். முடியட்டும்,” என்றார். மனைவி மாரியம்மாள் வீடியோ காலில் வந்தால் வலது கை சட்டைப் பைக்குள் போய்விடும். “ஒங்களுக்கென்ன, கொடைக்கானல்ல வேலை. நாங்கதான் கத்திரி வெயில்ல வேகுறோம்,” என்று அந்த அம்மாள் வம்பிழுப்பார். இவரும் ஆமாம் போடுவார்.

போன வாரம் கம்பெனி மெடிக்கல். டாக்டரம்மா சூடான்காரர், தமிழ் கிடையாது. இங்கிலீஷில் எடுத்துச் சொல்லப் பாலகுரு என்னைக் கூப்பிட்டிருந்தார். “நான் சொல்லுததை அப்படியே சொல்லிருங்க அண்ணாச்சி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.” சரியென்று தலையாட்டிவிட்டேன். ஆனால் உள்ளே போகும்போது, பரீட்சை எனக்குத்தான் என்பதுபோலப் பயமாக இருந்தது. பொய்க்குத் துணைபோகிறோமா, ஓர் உயிருக்குத் துணைபோகிறோமா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா நிதானமானவர். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். ஊசி முனை தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். இடது கை ஐந்து விரலுக்கும் “படுது” என்றார் பாலகுரு. ஐந்து தடவையும் நான் மொழிபெயர்த்தேன். வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். “படுது. படுது. படுது.” அதற்குள் அந்தத் தமிழ்ச் சொல் டாக்டரம்மாவுக்கே பழகிவிட்டது, என் பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்டார்.

மோதிர விரலுக்கு வரும்போது டாக்டரம்மாவின் கண்ணாடி மூக்கில் சரிந்தது. ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி, மற்றக் கையால் அதை மேலே தள்ளினார்.

“படுது,” என்றார் பாலகுரு.

டாக்டரம்மா அசையவில்லை. அந்தரத்தில் நின்ற ஊசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் ஊசியைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தார். கண்ணை இறுக மூடியிருந்த பாலகுரு, வழக்கமான இடைவெளி விட்டு, சுண்டுவிரலை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொடுத்துச் சொன்னார்:

“படுது.”