பொட்டு வைத்த பக்கெட்

சித்தூர் மார்க்கெட்டில் நான் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் விற்ற காலத்தில், எனக்குப் பேச்சு என்றால் விலை சொல்வது மட்டும்தான். அதையும் யாராவது இரண்டாம் முறை கேட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கும் சேர்த்துப் பேசியவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீரைக்கார அக்கா. வாசலை ஒட்டிய முதல் இடம் அவளுடையது. உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவள் கொத்தமல்லியைத்தான்.

அந்தக் கொத்தமல்லி சாயங்காலம் வரை வாடாது. காரணம், அவள் பக்கத்தில் இருந்த பழைய தகர பக்கெட். கீரை மேல் தெளிப்பது அதிலிருந்துதான். வேரில் ஒட்டிய மண்ணை அலசுவதும் அதில்தான். வெற்றிலை போட்ட கையைக் கழுவுவதும் அதிலேதான். மத்தியானத்துக்கு மேல் அந்தத் தண்ணீர் ரசம் மாதிரி இருக்கும்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, சித்தூர் இங்கேயே இருக்குமா, மெட்ராஸ் பக்கம் போகுமா என்று டீக்கடைகளில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். புதிதாக ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். கர்நூல் பக்கத்துக்காரர். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுவார். அக்காவின் பக்கெட்டை எட்டிப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"சூடம்மா, இங்க பாரு, கீரைக்கு ஒரு பக்கெட், கை கழுவ ஒரு பக்கெட். அடுத்த வாரம் வருவேன். ரெண்டும் வேற வேற இல்லேன்னா இந்த இடம் வேற ஆளுக்கு."

வாசல் போனால் மீன் கடைப் பக்கம்தான் இடம். அங்கே கொத்தமல்லி வாங்க யார் வருவார்கள்?

"ஊரு எந்தப் பக்கமாவது போவட்டும். நான் இந்தப் பக்கத்த வுட்டு நகரமாட்டேன்" என்று சொன்ன அக்கா, மறுநாளே புது பக்கெட் வாங்கி வந்தாள். மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைத்து, பிடியில் பூவும் சுற்றி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பினாள். அங்கேதான் தப்பு நடந்தது. அவ்வளவு மங்களமான பக்கெட்டில் கைவிட யாருக்கு மனசு வரும்?

"வெள்ளிக்கிழமை போவட்டும்" என்றாள். வெள்ளி போனது. "அமாவாசை போவட்டும்" என்றாள். புது பக்கெட் சாமி மாதிரி முன்னால் உட்கார்ந்திருந்தது. பழையது கோணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எல்லா வேலையும் செய்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். அக்காவின் வாயை நம்பாமல் என்னிடம் திரும்பினார். "நீ செப்பம்மா. கீரைக்கு எந்தத் தண்ணி?"

எனக்குப் பொய் சொல்லியும் பழக்கமில்லை, மெய் சொல்லியும் பழக்கமில்லை. என்னைக் கேட்காமலே என் கை கோணியைக் காட்டிவிட்டது. அக்காவின் முகம் தொங்கிப்போனது.

"அதுவா? அந்தத் தண்ணி நீ குடிப்பியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கை செய்த தப்பை வேறு எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொம்பில் மொண்டு, மூச்சைப் பிடித்துக் குடித்துவிட்டேன். காலை நேரம், இன்னும் ரசமாகவில்லை. ஆனாலும் மண், வேர், சுண்ணாம்பு எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. இன்றைக்கும் கொத்தமல்லி வாசனை வந்தால் என் வயிறு ஒருமுறை யோசிக்கும்.

இன்ஸ்பெக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "புதுசுல பொட்டு அழியவே இல்லையே, அப்பவே தெரியும். சரி, இடம் இருக்கட்டும். ஆனா நான் வரும்போதெல்லாம் நீ இந்தக் கீரைத் தண்ணி ஒரு சொம்பு குடிக்கணும். எப்ப வருவேன்னு சொல்லமாட்டேன்."

அவர் போனதும் என் முதுகில் ஓர் அடி விழுந்தது. "பாவி! வெத்தல எச்சிக் கைய அதுலதான்டி கழுவனேன்!"

"தெரியும்க்கா" என்றேன்.

அக்கா முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். அன்றிலிருந்து கீரைக்குப் புது பக்கெட்தான், ஒரு நாளைக்கு இரண்டு தடவை புதுத் தண்ணீர்.

வழக்கமாக வாங்குகிற ஓர் அம்மா கேட்டாள். "இன்னாடி, இன்ஸ்பெக்டருன்னா அவ்ளோ பயமா?"

"அவரு கெடக்கறாரு. எப்ப வந்தாலும் இவ குடிக்கணுமே. வயித்த வலின்னு படுத்துக்கினா?"

"இத்தினி வருசமா நாங்க துன்னுக்கினு இருந்தமே, எங்க வயிறு?"

"நீங்க கழுவித்தானே துன்னுறீங்க, இவ அப்படியே குடிக்கிறா!" என்றாள் அக்கா, கீரைக்கட்டை உதறிக் கொடுத்தபடி.