கட்டிலுக்கு அடியில் மூன்று மூட்டை

போன வாரம் சென்னையில் மகள் வீட்டுக்குப் புதுக் கட்டில் வந்து இறங்கியது. கொண்டுவந்த ஆள் ஒரு பட்டையைப் பிடித்து இழுத்தார். மெத்தையோடு பலகை அப்படியே மேலே தூக்கிக்கொண்டது. உள்ளே பார்த்தால் ஒரு ஆட்டுக்குட்டியைக் கட்டி வளர்க்கலாம், அவ்வளவு பெரிய பெட்டி. "எல்லாச் சாமானையும் இதுக்குள்ள போட்டுக்கலாம்மா, இடத்தை அடைக்காது" என்று பெருமையாகச் சொன்னார். "இதை நாங்க அறுபது வருசத்துக்கு முன்னாடியே பண்ணியாச்சு தம்பி" என்றேன். மகள் என்னை முறைத்தாள். நான் குனிந்து பெட்டிக்குள் மோந்து பார்த்தேன். பசை வாடைதான் அடித்தது. மிளகாய் நெடி இல்லை. புதுக் கட்டிலில் மிளகாய் நெடி எப்படி இருக்கும் என்கிறீர்களா? எங்கள் வீட்டுப் புதுக் கட்டிலில் இருந்தது.

எங்கள் கீழக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் முடிந்தால் பெண் மாமியார் வீட்டுக்குப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பொழுது சாய வருவார், விடிந்ததும் தன் உம்மா வீட்டுக்குப் போய்விடுவார். அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் நகைக்கு முன்னால் அறைக்குத்தான் கவலைப்பட வேண்டும். எங்கள் வீட்டில் கூடம் ஒன்று, அடுப்படி ஒன்று, அறை ஒன்று. அந்த ஒரே அறையும் காலியாக இல்லை. அது என் சரக்கறை.

என் சரக்கறை என்று சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. வாப்பாவுக்குக் கொழும்பில் கடை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். உம்மாவுக்கு முழங்கால் வலி, குனிந்தால் நிமிரமாட்டாள். பன்னிரண்டு வயதிலேயே சாவி என் இடுப்புக்கு வந்துவிட்டது. ஐப்பசி பிறந்தால் கடலும் மூடிக்கொள்ளும், மண் ரோடும் சேறாகிவிடும். ஆகவே எது எப்போது மலிவோ அப்போதே ஒரு வருஷத்துக்கு வாங்கி அடைத்துவிட வேண்டும். தையில் ஆர்.எஸ்.மங்கலத்து நெல் வரும், அப்புறம் புளி, கோடையில் கருப்பட்டியும் மிளகாயும். வாப்பா அனுப்புகிற மாசிக் கருவாடு தகர டின்னில் வரும். கட்டை மாதிரி இருக்கும், இடித்துச் சம்பலில் போட்டால் ஊரே மணக்கும். என் கண்ணைக் கட்டி அந்த அறைக்குள் விட்டால் நேராகக் கடுகு டப்பாவில் போய் நிற்பேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

எனக்குப் பதினெட்டு வயதில், ஒரு சித்திரையில், கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை தோணியில் வேலை பார்க்கிறவர். தோணியில் சரக்கு ஏற்றும்போது எந்த மூட்டை அடியில், எது மேலே என்று பார்த்து அடுக்குகிற பொறுப்பு அவருக்கு. இதை அப்போது நான் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. எனக்கு இருந்த ஒரே கவலை, அறையைக் காலி பண்ண வேண்டும் என்பதுதான். மற்ற பெண்கள் வளையலுக்கும் மருதாணிக்கும் அழுவார்கள். நான் புளிப்பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

"ஏடி, ஒரு சாமான்கூட மாப்புள்ள கண்ணுல படக்கூடாது. சரக்குக் குடோன்ல கொண்டுபோய் எங்க புள்ளைய ஒக்கார வச்சாகன்னு அவுக வீட்டுல பேசுவாக" என்று உம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

சொல்வது சுலபம். இடம் எங்கே? கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினேன், புகை பட்டால் இளகாது. வெங்காயத்தைக் கொத்துக் கொத்தாக அடுப்படி உத்தரத்தில் தொங்கவிட்டேன். போகிற வருகிறவர்கள் தலையில் அது இடித்துக்கொண்டே இருந்தது. புளிப்பானை கூடத்து மூலையில் தொழுகைப் பாய்க்குப் பின்னால் ஒதுங்கியது. நெல் குலுக்கைதான் அசையவில்லை. ஆள் உயர மண்குதிர் அது. அறைக்குள்ளேயே வைத்துக் கட்டியது, வாசல் வழியாக வெளியே வராது. என்ன செய்வேன்? ஜரிகைத் துணியைப் போர்த்தி, அதன் தலையில் பன்னீர்ச் செம்பை வைத்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, "இது கொழும்புச் சாமானா?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றேன் கூசாமல்.

எல்லாம் முடிந்தது என்று மூச்சுவிட்ட நேரம், கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால், வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. உத்தரகோசமங்கைப் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் மிளகாய் கொண்டுவருகிறவர். மூன்று மூட்டை முண்டு மிளகாய். ஒன்று எங்களுக்கு, ஒன்று சொந்தபந்தங்களுக்கு, ஒன்று வாப்பாவுக்குக் கொழும்புக்கு. "இந்த வருசம் காய் நெருப்பு தாயி. பாத்துப் பொழங்குங்க" என்று இறக்கிவைத்துவிட்டுப் போனார்.

மிளகாய்க்கு ஈரம் ஆகாது. வீட்டில் அப்போது ஈரம் படாத, ஆள் மிதிக்காத, கண்ணுக்குத் தெரியாத இடம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. புதுக் கட்டிலுக்கு அடி. நாடாக் கட்டில் அது. சுற்றிலும் தரை தொடுகிற மாதிரி பூ வேலை செய்த திரை கட்டியிருந்தோம். மூன்று மூட்டையையும் அதற்குள் தள்ளினேன். நாடாவுக்கும் மூட்டைக்கும் நடுவில் ஒரு விரல்கூட இடைவெளி இல்லை. "என்ன மாதிரி ஒரு குடித்தனக்காரி உண்டா" என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை, இனி எனக்கு மச்சான், அறைக்குள் வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம். நான் தலையைக் குனிந்துகொண்டு குலுக்கையோரம் நின்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். நாடா தொய்ந்து கீழே மூட்டையை ஒரு அமுக்கு அமுக்கியது. அவ்வளவுதான். போட்டார் ஒரு தும்மல்.

தும்மினவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னால், கேட்டவர் "யர்ஹமுகல்லாஹ்" என்று பதில் சொல்ல வேண்டும். அல்லாஹ் உங்களுக்கு இரக்கம் காட்டட்டும் என்று அர்த்தம். அவர் சொன்னார். நானும் வாய்க்குள் முணுமுணுத்தேன். புருஷனும் பெண்டாட்டியும் பேசிய முதல் பேச்சு அதுதான். மறுபடி தும்மல், மறுபடி பதில். மூன்று தும்மலுக்கு மேல் போனால் சளி என்று விட்டுவிடலாம், பதில் தேவையில்லை என்று எனக்கு ஓதிக்கொடுத்த இடத்தில் சொல்லியிருந்தார்கள். நான் விடவில்லை. பதினேழு தும்மலுக்குப் பதினேழு தடவை சொன்னேன். வேறு என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

எனக்கு ஏன் தும்மல் வரவில்லை என்று கேட்கலாம். ஆறு வருஷமாக மிளகாய் மூட்டையோடு குடித்தனம் நடத்தினவள், என் மூக்கு செத்துப்போயிருந்தது. மச்சானுக்குத் தோணிக்காற்றில் சளி பிடித்திருக்கிறது என்றே நினைத்து, சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். புது மாப்பிள்ளை பெண் வீட்டில் எதையும் குறை சொல்லக்கூடாது, கொடுத்ததைக் குடிக்க வேண்டும். குடித்தார். கண்ணெல்லாம் சிவந்து, மூன்று நாள் வந்து மூன்று நாளும் தும்மிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. ஐந்தாம் நாளும் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சாச்சிக்கு அது போதாதா? "மாப்புள்ள கண்ணு செவந்து போறாராமே. அழுதுக்கிட்டே போறாருன்னு பாத்தவுக சொல்றாக. புள்ளைய புடிக்கலையோ?" என்றாள், உம்மாவின் தோளைத் தடவிக்கொண்டே. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இன்னும் பத்து நாளில் அவர் தோணி கிளம்புகிறது. போனால் வர நாலு மாதம் ஆகும். வராமலே அவர் தோணியேறிவிட்டால் பிடிக்காத பெண்டாட்டி என்ற பேர் எனக்கு நின்றுவிடும். உம்மா மூலையில் உட்கார்ந்து அழுதாள். பேர் கெடுவதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிருந்தது. கஷாயத்தைக் குடித்து முடித்து, டம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைப்பாரே, அதற்கே பிடித்துப்போயிருந்தது.

ஆறாம் நாள் உம்மா நொண்டிக்கொண்டே சம்பந்தி வீட்டுக்குப் போய்ப் பகல் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்தாள். கூடவே சாச்சியும் வந்து உட்கார்ந்துவிட்டாள். "இது கண்ணேறுதான். மொளகாயும் உப்பும் சுத்தி அடுப்புல போடுவோம். நெடி வரலைன்னா கண்ணேறு" என்று தீர்ப்புச் சொன்னாள். உம்மாவுக்குப் பதற்றத்தில் மூளை வேலை செய்யவில்லை. "ஏடி, ஓடிப்போயி ஒரு கை மொளகா எடுத்துட்டு வாடி!" என்று கத்தினாள்.

எனக்கு மட்டும் மூளை வேலை செய்ததா? மச்சான் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார் என்பதே உறைக்கவில்லை. நேராகப் போய், அவர் காலடியில் குந்தி, திரையைத் தூக்கி, மூட்டைக்குள் கையை விட்டேன்.

அப்புறம் அவர் தலை மெல்லத் தலைகீழாகக் கீழே வந்தது. திரைக்குள் எட்டிப் பார்த்தது.

"என்ன புள்ள இது?"

"மொளகா மச்சான்."

"எத்தனை மூட்டை?"

"மூணு."

"மூணு மூட்டை மொளகா மேலயா என்னைய ஒக்கார வச்சிருக்கீய?"

அதற்குள் தும்மல் வந்துவிட்டது. தும்மலும் சிரிப்பும் ஒன்றாக வந்து, கட்டிலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. வெளியே சாச்சி, "கேட்டியளா, கண்ணேறு எறங்குது!" என்றாள். கண்ணேறு கழிக்க மிளகாயைச் சுற்றாமலே அது இறங்கிவிட்டது என்று ஊர் பூராவும் அவளேதான் பரப்பினாள். அந்த மட்டும் அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சாப்பிட்டதும் மச்சான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போனார். "தோணியில மொளகாயை எங்கன வைப்போம் தெரியுமா? மேல் தட்டுல, காத்துப் பாக்க. அடியில வச்சா நாங்க தும்முற தும்முக்குத் தோணியே கவுந்துரும்" என்றார். "இங்கன வேற எடமே இல்ல மச்சான்" என்றேன். ஒரு வீட்டுக்குள் இடமில்லை என்பதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. மறுநாள் கயிற்று வலை ஒன்று கொண்டுவந்தார். கூடத்து உத்தரத்தில் தொட்டில் மாதிரி கட்டி, மிளகாய் மூட்டைகளை அதில் ஏற்றினார். கட்டில் கால் நான்குக்கும் கல் வைத்து ஒரு சாண் உயர்த்தினார். குலுக்கை நெல்லைக் குத்தி வந்த அரிசியைச் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டி, அந்த இடத்தில் மூன்று வரிசையாக அடுக்கினார். நானோ குள்ளம். அதற்கப்புறம் கட்டிலில் ஏற எனக்கு முக்காலி தேவைப்பட்டது. "சாமானை ஒளிக்கணும்னு உம்மா சொல்லுச்சு" என்றேன். "நான் பொழைக்கிறதே சாமான்லதான். எங்கிட்டயா ஒளிக்கிறீய?" என்றார்.

கிளம்புகிற அன்று கட்டில் திரையைத் தூக்கிக் காட்டினார். "மேல் வரிசையிலருந்து எடுத்துப் பொங்கு. அடி வரிசையத் தொடுறதுக்குள்ள வந்துருவேன்."

அரிசி சீக்கிரம் தீர்ந்தால் அவர் சீக்கிரம் வந்துவிடுவார் என்று என் புத்திக்குப் பட்டது. சிரிக்காதீர்கள், பதினெட்டு வயது. உலையில் ஒரு படி கூடப் போட்டேன். வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிப் போட்டேன். "என்னடி, அரிசிக்குச் சிறகு மொளைச்சிருச்சா?" என்று உம்மா கேட்டாள். அடி வரிசையில் கை வைக்கிறதற்கு இரண்டு நாள் முன்னால் கூடத்தில் தும்மல் கேட்டது. உத்தரத்து வலைக்குக் கீழே நின்று தும்மிக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்தே உரக்கப் பதில் சொன்னேன். முப்பத்தெட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. வருவார், அடுக்குவார், போவார்.

தோணி ஓட்டம் நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. ஃப்ரிட்ஜ் வைக்க இடம் வேண்டும் என்று குலுக்கையை உடைத்தது நானேதான். உத்தரத்து வலை இற்று விழுந்த வருஷம் மச்சானும் மவுத்தாகி என்னை விட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் மூட்டையாக எதையும் வாங்கவில்லை.

புதுக் கட்டில் வந்த மறுநாள், "ஒரு கிலோ முண்டு மொளகா வேணும்" என்று மகளிடம் சொன்னேன். போனைத் தடவினாள். பத்து நிமிஷத்தில் வாசல் மணி அடித்தது, ஒட்டிய பொட்டலம். மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பொட்டலத்தின் வாயைக் கொஞ்சம் கிழித்துக் கட்டில் பெட்டிக்குள் வைத்து மூடினேன். மேலே உட்கார்ந்து, இந்த வயதில், இரண்டு தடவை எம்பி எம்பி அமர்ந்தேன். லேசாக நெடி வந்தது. எனக்குத் தும்மல் வராது, அது தெரிந்ததுதான். வாயில் பதிலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தும்மத்தான் ஆள் இல்லை.