கரீம் பாய் கடை நல்லி

பென்னாகரத்துல கறிக்கடை வச்சிருக்கற கரீம் பாயைப் பெரிய தியாகின்னு போஸ்டர் அடிக்க வரல நான். தராசு நேரா இருக்கும், பேச்சு கரடுமுரடா இருக்கும். ஒரே கெட்ட பழக்கம். ஞாயித்துக்கெழமை நல்லி எலும்பை வாடிக்கைக்காரங்களுக்குத் தனியா பொட்டலம் கட்டிட்டு, மத்தவங்க கேட்டா "தீந்துருச்சு"ம்பாரு. கூடப் பொறந்த தங்கச்சி ஷாஜியா கேட்டாலும் அதே பதிலுதான்.

அந்த ஷாஜியாவுக்குத்தான் ரத்தப் புத்துநோய் வந்துச்சு. மருந்து குடுத்து அடக்கிட்டாங்க. ஆனா மறுபடி வராம இருக்கணும்னா வேற ஒருத்தரோட ஸ்டெம் செல் வேணும்னுட்டாங்க பெங்களூரு ஆஸ்பத்திரியில. ஸ்டெம் செல்லுன்னா எலும்பு மஜ்ஜைக்குள்ள இருக்கற விதை மாதிரி. ரத்தம் பூரா அதுலருந்துதான் உண்டாகுது. டெஸ்ட் பண்ணாங்க. அண்ணனோடது அப்படியே பொருந்திச்சு.

"எலும்பை வெட்டுவாங்களா?" பாய் கேட்ட மொதல் கேள்வி. தெனம் நல்லியைப் பொளக்கற ஆளு, வேறென்ன கேப்பாரு? வெட்டு கெடையாது, ஒரு நாளைக்கு ஒரு ஊசி, செல்லெல்லாம் தானா ரத்தத்துக்கு வந்துரும், மெஷின்ல பிரிச்சுக்கலாம்னாங்க. சரின்னாரு.

ஷாஜியாவை ஆஸ்பத்திரியில சேத்து, மருந்து ஏத்தி, அவளோட சொந்த மஜ்ஜையை அழிச்சாங்க. இங்க பக்கத்துத் தெரு நர்ஸு சுசித்ரா கடைக்கே வந்து பாய்க்கு ஊசி போட்டாங்க.

மூணாவது ஊசிக்கு பாய் கைய நீட்டல. நான் கறி வாங்கப் போனவன், பாத்துக்கிட்டு நிக்கறேன்.

"இடுப்பெலும்பு குடையுதுங்க சிஸ்டர். நல்லியைத் தட்டி உறிஞ்சிட்டா அப்புறம் வெறும் குழாதான். திரும்ப ஊறி நான் பாத்ததே இல்ல. வூட்டுல சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க."

சுசித்ராவுக்குச் சுருக்குனு கோவம். "பாய், நீங்க பாத்ததெல்லாம் செத்த எலும்பு. உங்களுது உசுரோட இருக்குது. 'இங்கயே இரு'ன்னு மஜ்ஜை ஒரு சிக்னல் குடுத்து அந்தச் செல்லுங்களைப் புடிச்சு வச்சிருக்கு. ஊசி அந்தப் புடியைத் தளத்துது. கொஞ்சம்தான் வெளிய வரும், உள்ள நிக்கறது பெருகி ரொப்பிரும். குடையுதுன்னா வேலை நடக்குதுன்னு அர்த்தம்." அப்புறம் கொரலைத் தாழ்த்துனாங்க. "தங்கச்சிக்கு இப்ப சொந்த மஜ்ஜை இல்ல பாய். நீங்க நிறுத்துனா, அவங்களுக்குத் திரும்பி வர வழியில்ல."

பாய் தங்கச்சிக்கு போன் போட்டாரு. கையில ஈரம், அதனால ஸ்பீக்கர்ல.

"எப்படிம்மா இருக்க?"

"மொட்டையா, ஜம்முனு இருக்கேன். ஊசி போட்டியாண்ணே?"

பாய் தராசுத் தட்டை நகத்தி வச்சாரு.

"என்ன, இதுவும் தீந்துருச்சா?"

கடையில ஒருத்தரும் சிரிக்கல. பாய் கையைத் தொடச்சாரு, சட்டையைச் சுருட்டுனாரு. "குத்துங்க சிஸ்டர்."

அப்புறம் பெங்களூரு போயி மெஷின் பக்கத்துல படுத்தாரு. ரத்தம் ஒரு கை வழியா போயி மறு கை வழியா வந்துச்சு. வேணுங்கற அளவு செல்லு கெடச்சுது. அதை ஷாஜியாவுக்கு ஏத்துனதும், அது தானா எலும்பைத் தேடிப் போயி ஒக்காந்துச்சாம். புடிச்சு வைக்கற அதே சிக்னல்தான் அங்க கூப்புட்டுக்கிச்சாம்.

இப்ப அவ நல்லா இருக்கா. ரத்த குரூப்பே அண்ணனோடதா மாறிருச்சு. போன ஞாயித்துக்கெழமை மாஸ்க் போட்டுக்கிட்டு கடைக்கு வந்து நல்லி கேட்டா. பாய் பழக்கத்துல "தீந்துருச்சு"ன்னுட்டாரு. அவ இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னா.

பாய் கீழ குனிஞ்சு ஒரு பொட்டலத்தை எடுத்து அவ பையில போட்டாரு. அது எனக்குன்னு கட்டி வச்சது. நான் நெஞ்செலும்பு வாங்கிட்டு வந்தேன். கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு.