மாற்றிக் கட்டிய சாக்கு

2008 ஜூன். காலை ஆறு மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து நிலக்கடலை மூட்டைகளோடு கிளம்பிய லாரியில் நானும் ஏறிக்கொண்டேன். மட்டாஞ்சேரி ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். ஊர் பார்க்கப் போகிறவன் பஸ்ஸில் போயிருக்க வேண்டும். டிரைவர் பழனிசாமி பழக்கமானவர் என்பதால் ஓசிப் பயணத்துக்கு ஆசைப்பட்டேன்.

லாரி புதியது, கம்ப்யூட்டர் வைத்த இன்ஜின். கோபாலபுரம் தாண்டியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால், இன்ஜினில் கோளாறு என்று சொல்லும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"போன வாரமும் இதே கதைங்க. இன்னொருக்கா வெளக்கோட வந்தா சாவிய வெச்சுட்டுப் போயிருன்னு மொதலாளி சொல்லிட்டாருங்க" என்றார் பழனிசாமி. இருபது வருஷமாக அந்த முதலாளியிடமே ஓட்டுகிறவர். அதற்குப் பிறகு சாலையைவிட விளக்கைத்தான் அதிகம் பார்த்தார்.

எட்டரை மணிக்குக் குதிரான் ஏற்றம். லாரி கரும்புகை கக்கிக்கொண்டு ஊர்ந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிய ஒருவர் வெகுநேரம் எங்கள் கூடவே வந்தார்.

மதியம் ஒன்றரைக்கு மட்டாஞ்சேரி. மூட்டைகளை இறக்கிவிட்டு, போன வாரம் வண்டியைப் பார்த்த மெக்கானிக் சசியிடம் போனோம். வீட்டில் தமிழ் பேசுகிறவர்தான். எழுதப் படிக்க மலையாளம் என்பதால் பேச்சிலும் அது கலந்து வரும். அவர் ஒரு பொத்தானை அழுத்த, விளக்கு மூன்று முறை சிமிட்டியது, நின்றது, மீண்டும் நான்கு முறை சிமிட்டியது. சசி விரல்விட்டு எண்ணி, சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார்.

"ஆக்சிஜன் கம்மி."

"அப்ப சென்சார் போச்சுங்களா சேட்டா?"

"சென்சார் நல்லாத்தான் இருக்கு. அது கள்ளம் பறையாது. வண்டிக்குக் காத்து கிட்டலை."

கேபினுக்குப் பின்னால் போன சசி தலையில் கைவைத்தார். இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் வாயில், மழை இறங்காமலிருக்க, ஒரு சாக்கு இறுக்கிக் கட்டியிருந்தது.

"அண்ணா, போன ஆழ்ச்ச நான் என்ன பறஞ்சேன்? சாக்கு மாற்றுன்னு பறஞ்சேன்ல?"

"மாத்திட்டனே! பழசு ஓட்டைன்னு மொதலாளியே புதுச்சாக்கு குடுத்தாருங்க."

"ஐயோ! மாற்றுன்னா எடுத்துக் களையணும்!"

மலையாளத்தில் மாற்றுவது என்றால் அகற்றுவதும்தான். பழனிசாமி அதைத் தமிழாகவே எடுத்துக்கொண்டு, ஓட்டைச் சாக்கை எடுத்துவிட்டு ஓட்டையில்லாத சாக்காகப் பார்த்துக் கட்டியிருக்கிறார். நான் சிரித்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு இரண்டு சாயா வாங்கினேன், ஒன்று நாலு ரூபாய்.

சாக்கை அவிழ்த்து, கம்ப்யூட்டரில் பதிந்திருந்த கோளாறு எண்ணை அழித்து, பக்கத்துத் தோப்பும்படி வரை ஓட்டித் திரும்பினோம். புகையில்லை. விளக்கும் எரியவில்லை. பழனிசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டார்.

"சாக்க மாத்தியாச்சுங்க, வெளக்கு நின்னுருச்சு!"

"மறுபடியுமா? புதுச்சாக்கு நாந்தான குடுத்தேன்!" என்ற சத்தம் எனக்கே கேட்டது.

"இல்லீங்க... எடுத்தே போட்டனுங்க."

முதலாளியின் குரல் இறங்கியது.

"செரி, சாவி உங்கிட்டயே இருக்கட்டும். அந்தச் சாக்க மட்டும் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்துரு."